நேற்று என்ன செய்தாய்?

பனைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பங்குனியில் பாளை விட்டால் காலையும் மாலையும் ஏறிச் சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டால் சீவின வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், மறுநாள் கலயத்தில் பாதிதான் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு விட்டால் அந்தப் பாளையை அந்த வருஷத்துக்கு மறந்துவிட வேண்டியதுதான். மிஷன் சபையார் இதற்கு வழி தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஓய்வுநாளில் பனையேறுகிறவர்களுக்கும் அக்கானி காய்ச்சுகிறவர்களுக்கும் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து கிடையாது என்று சட்டம் எழுதி வேதக்கோயில் கதவில் ஒட்டிவிட்டார்கள். எழுதினவர்களில் ஒருவர்கூடப் பனையேறினவர் இல்லை. ஊருக்கு உபதேசம் செய்ய யாருக்குத்தான் கஷ்டம்?

கல்லடிவிளைக்காரர்கள் சட்டத்தையும் கிழிக்கவில்லை, பனையையும் விடவில்லை. முதல் மணி அடிப்பதற்கு முன்னால் ஏறி இறங்கிவிடுவார்கள். ஆராதனை முடிந்து வந்ததும் நாலு வீட்டு ஓலை வேய்ந்த காய்ச்சுப் புரைகளிலும் அடுப்பு எரியும். பதநீரை இந்தப் பக்கம் அக்கானி என்பார்கள். அதை அன்றைக்கே காய்ச்சாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், அது அதைவிடப் பெரிய பாவம். மறுநாள் திங்கள்சந்தை வேறு. உபதேசியார் ஆபேல் கோயிலைப் பூட்டிவிட்டு வரும் வழியில் ஒரு புரையில் நிற்பார், ஓலைப்பட்டையில் சூடாக ஒரு வாய் குடிப்பார், மீசையைத் துடைத்துக்கொள்வார், போய்விடுவார். எந்தப் புகையையும் அவர் கண்டதில்லை. கண்டும் காணாமல் இருப்பதற்கு நல்ல மனசு வேண்டும், அது அவரிடம் இருந்தது.

அவர் வழக்கமாக நிற்கிற புரை ரசலையனுடையது. ரசலையன் போன வருஷம் வைகாசியில் நனைந்த மரத்தில் ஏறி விழுந்தான். மூன்று மாதம் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் திரும்பி வந்தான். முப்பத்திரண்டு வயது. அவனுடைய ஆறு பனையையும் தம்பி தங்கையன் தன் மரங்களோடு சேர்த்து ஏறிக் கொடுத்தான். மனைவி நேசம்மாள் காய்ச்சினாள். அவளுக்கு ஓயாத வேலை. அக்கானி காய்ச்சுவதற்கு நடுவே மூன்று மணிக்கூறுக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் புருஷனைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைக்கும். ஓடி ஓடி அலுத்து, கட்டிலையே புரை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் கொழுந்தன் எத்தனை வருஷம் ஏறுவான்? அவனுக்கும் கல்யாணமாகிக் குழந்தை பிறந்துவிட்டது. நேசம்மாள் கல்யாணத்துக்கு முன்பு மிஷன் போர்டிங்கில் இங்கிலீஷ் கொஞ்சம் படித்தவள். ஆஸ்பத்திரியில் புருஷனுக்குத் துணையாக இருந்தபோது லீலாபாய் என்ற நர்ஸ் அவளுடைய கையோட்டத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒங்களப்போல ஆளத்தான் இஞ்ச தேடுகாவ" என்று சொல்லி வைத்திருந்தாள். வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. இரவு வேலை பார்த்தவள் காலையில் டாக்டர் துரையோடு கட்டில் கட்டிலாக நடந்து, நடந்ததை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இவர் தூங்கினார், இவர் வாந்தி எடுத்தார், இவருக்கு மருந்து கொடுத்தேன். எல்லாமே முடிந்துபோன காரியங்கள். அதைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

லீலாபாய் ஒரு தாளில் மூன்று வரிசை எழுதித் தந்திருந்தாள். முடிந்த காரியத்துக்கு வார்த்தையின் கடைசியில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எழுதும்போது எல்லாம் ஒன்றுபோல இருக்கும், சொல்லும்போது மூன்று விதம். 'வாஷ்ட்', 'வாக்ட்' என்றால் நாக்கு நுனி தட்டி மூச்சோடு நின்றுவிட வேண்டும். காய்ச்சினதற்கு 'பாயில்ட்', ஊற்றினதற்கு 'போர்ட்' என்றால் தொண்டைக்குள் ஒரு முழக்கம் கேட்க வேண்டும். 'வான்டெட்' என்றால் ஒரு அசை முழுசாகக் கூட வேண்டும். இந்த மூன்றிலும் அடங்காத முரட்டு வார்த்தைகள் தாளின் பின்பக்கம் இருந்தன: வென்ட், கேவ், ஸ்லெப்ட், ட்ராங்க். அவற்றுக்கு மனப்பாடம்தான் வழி.

கேள்வி கேட்கும் வேலை ரசலையனுடையது. அவனுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் கட்டிலில் கிடந்தபடி கேட்பான்.

"ஏட்டி, நேத்து வெள்ளன எந்திச்சு என்ன செய்தே?"

அவள் துடுப்பால் கிண்டிக்கொண்டே இங்கிலீஷில் சொல்வாள். முகம் கழுவினேன். அக்கானி வடித்தேன். அடுப்புப் பற்றவைத்தேன். காய்ச்சினேன், கிண்டினேன், சிரட்டையில் ஊற்றினேன். அவள் வாழ்க்கையில் வேறு என்ன நடந்தது, வேறு வார்த்தை வர?

"வாலு செரியா விழல்ல. கடேசில ஒண்ணு வரணும்லா, அத முழுங்கிட்டே."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பனங்காட்டுக் காதுட்டி இது. கலயத்தில சொட்டு விழுகா இல்லியான்னு தூருல நின்னே சொல்லுவேன். திரும்பச் சொல்லு."

"பாயில்ட்."

"இப்பம் கொள்ளாம். ஆனாலும் இந்த வெள்ளக்காரனுக்கு எல்லாத்துக்கும் ஒரு வாலு வேண்டியிருக்கு பாத்தியா. செத்துப்போனவனுக்கும் உண்டுமா?"

"உண்டு. டைட்."

"அப்போ எனக்கு அரை வாலு வைக்கணும்" என்று சொல்லி அவன் சிரித்தான்.

நேசம்மாள் சிரிக்கவில்லை. பாகு பொங்கி வந்தது. ஆமணக்கு முத்தைச் சதைத்து ஒரு நுள்ளு போட்டாள், பொங்கல் அடங்கியது. விழுந்த நாள் முதல் வாய் திறக்காமல் கிடந்தவன் இந்தப் படிப்பு தொடங்கின பிறகுதான் பேசுகிறான், சிரிக்கிறான். அதற்காகவே அவள் சில வார்த்தைகளைத் தெரிந்தே தப்பாகச் சொல்லுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடியப்பட்டணத்திலிருந்து விக்டோரியா மீன் கொண்டுவந்தாள். கருப்பட்டிக்கு மீன் மாற்றுகிற கத்தோலிக்கக்காரி. சாளையை எண்ணிப் போட்டுக்கொண்டே புரையைப் பார்த்தாள்.

"நாளைக்கும் அடுப்பு எரியுமா பிள்ளே?"

"எரியாம? பனை கேக்குமா?"

"எங்க ஆம்பிளைய ஞாயித்துக்கிழம கடலுக்குப் போறதில்ல. போவாட்டா என்ன, மீனு திங்கக்கிழமையும் கடல்லதான் கெடக்கும். ஒங்க சோலி அப்பிடி இல்லியே. அப்பிடியே தெரியாம ஒண்ணு செய்து போட்டாலும் எங்களுக்குப் பங்குச் சாமியாருக்க காதுல சொல்லிட்டுப் போலாம். ஒங்க வெள்ளக்கார மிசியம்மாமாரு காது அப்பிடி உள்ளதா?"

"எங்க ஊருல அத ஆரும் சொல்லவும் மாட்டாவ, கேக்கவும் மாட்டாவ."

"அப்போ நல்லது" என்று விக்டோரியா கடவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சொல்லியனுப்பிய நாள் சித்திரைக் கடைசித் திங்கள்கிழமை. லீலாபாய் கூடவே இன்னொன்றும் சொல்லியனுப்பியிருந்தாள். மூத்த மிசியம்மா எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பாள்: நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தாய்? நேசம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு மாதமாக அவள் சொல்லி வருவது அதைத்தானே.

முந்தின நாள் சாயங்காலம் தங்கையனின் மனைவி தங்கபாய் மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கு இன்னும் பெயர் கிடையாது. வைகாசிக் கடைசி ஞாயிற்றில் ஞானஸ்நானம், அன்றைக்குத்தான் பெயர்.

"நீ வெப்ராளப்படாம போக்கா. அத்தானத் திருப்பிப் போட ஆளு வேணும், அதுதான? நானும் ஒங்க கொழுந்தனும் இருக்கோம்லா. ராத்திரி அவிய பாப்பாவ, பகல்ல நான் பாப்பேன்."

"மாசத்துக்கு ரெண்டு வாட்டிதான் வீட்டுக்கு விடுவாளாம். ஒனக்குக் கைப்பிள்ள வேற."

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு பிள்ளைன்னு நெனச்சுக்கிடுறேன். போக்கா."

நேசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் அப்படி ஒரு நல்ல அழுகை நடந்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மிசியம்மா மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை, நீலக் கண், கையில் பேனா. நல்ல மாதிரியாகத்தான் சிரித்தாள். லீலாபாய் சொன்னபடியே கேட்டாள். நேற்று என்ன செய்தாய்?

நேசம்மாள் நிமிர்ந்து நின்றாள். ஐந்து மணிக்கு எழுந்தேன். முகம் கழுவினேன். என் புருஷனைத் திருப்பினேன், அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், ஜெபித்தேன். ஒவ்வொரு வாலும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மிசியம்மாளின் பேனா ஓடிற்று. நேசம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தேன். அடுப்புப் பற்றவைத்தேன். அக்கானியை ஊற்றினேன். பாயில்ட். கிண்டினேன், ஸ்டர்ட்.

பேனா நின்றது.

நம்முடைய ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிசகு இது. ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்து, பத்துப் பேரும் பேசாமலிருக்கிற காரியம் ஒருநாள் காரியமாகவே தோன்றாமல் போய்விடும். சோறு பொங்கினேன் என்பதுபோல அவள் அதைச் சொன்னாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பது மிசியம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

யார் பனையேறியது என்று மிசியம்மா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். நேசம்மாளுக்கு ஒரு நிமிஷம் புத்தி எங்கெங்கோ ஓடியது. யாரும் ஏறவில்லை என்று சொல்லலாம். சனிக்கிழமை அக்கானி என்று சொல்லலாம். அதற்கு வேண்டிய வார்த்தைகளைத் தேடினாள், ஒன்றும் வரவில்லை. வந்தது பழகின வாக்கியம் ஒன்றுதான். என் கொழுந்தன் தங்கையன் ஏறினான். கிளைம்ட்.

இன்னும் எத்தனை வீட்டில் காய்ச்சினார்கள்? மூன்று வீட்டில். யார் யார்? சொன்னாள். உபதேசியாருக்குத் தெரியாதா? அவர் வந்தார். வந்து என்ன செய்தார்? குடித்தார் என்றாள். ட்ராங்க்.

மிசியம்மா எல்லாவற்றையும் எழுதி முடித்து, எழுந்து வந்து அவள் தோளில் கையை வைத்தாள். புத்தகத் தமிழில் பேசினாள். "நீ உனக்கு விரோதமாகவே உண்மையைச் சொன்னாய். இப்படிப்பட்டவர்கள்தான் எங்களுக்கு வேண்டும். வருகிற ஜூன் முதல் தேதி வந்து சேர்ந்துகொள். காலையில் நம்முடைய வண்டி உங்கள் முக்கு வழியாக வரும்."

"அம்மா, அவிய எல்லாரும் பாவங்கம்மா. அவியள ஒண்ணும் செய்துராதீங்கோ."

"அது சபையின் காரியம், மகளே. நீ சமாதானத்தோடு போ."

திரும்பி வருகிற வழியில் சந்தை இரைந்துகொண்டிருந்தது. புளியமரத்தடியில் தங்கையன் கருப்பட்டிக் கடவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தான்.

"மைனி, கெடச்சுதா?"

"கெடச்சுது."

"எனக்குத் தெரியும்லா! இஞ்ச நிக்காதீங்க, அண்ணன் காத்துக் கெடப்பான், ஓடுங்க." கொஞ்சம் பொரி வாங்கி அவள் முந்தானையில் கட்டிவிட்டான். விற்றுக்கொண்டிருந்தது நேற்றுக் காய்ச்சின கருப்பட்டி. நேசம்மாள் அவனிடம் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

வீட்டில் ரசலையன் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கேட்டா?"

"நேத்து என்ன செய்தேன்னு கேட்டா."

"சொன்னியா?"

"சொன்னேன். வேலை தந்துட்டா."

"தந்துட்டாளா! பொறவு என்னத்துக்குட்டி மூஞ்சி இப்பிடி இருக்கு?" கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். அவன் முகமும் மாறியது. "நேத்து ஞாயித்துக்கிழமைல்லா."

"ஆமா."

"காய்ச்சினதச் சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"தங்கையன் பேரு?"

"கேட்டா. சொன்னேன்."

"உபதேசியாரையுமா?"

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே அவள் உபதேசியார் வீட்டுக்குப் போய் நின்றாள். அவர் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் குடிச்சதையும் சொன்னியா?"

"கேட்டாவ ஐயா."

"என்னன்னு சொன்னே?"

"ட்ராங்க்."

"செரியாத்தான் சொல்லியிருக்கே பிள்ளே" என்றார் ஆபேல். "பதினெட்டு வருசமாச்சு இஞ்ச வந்து. இந்த விளையில நான் ஞானஸ்நானத்துக்குக் கொண்டு நிறுத்தாத பயலு கெடையாது." பிறகு கிழங்கை எடுத்து மறுபடியும் உரிக்கத் தொடங்கினார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நாளில் சபைக் கூட்டம் கூடிற்று. வெளியிலிருந்து வந்த பாதிரி ஐயர் தாளைப் பார்த்து மூன்று குடும்பத்தின் பெயர்களை வாசித்தார். ஒரு வருஷத்துக்குத் திருவிருந்து இல்லை, ஞானஸ்நானம் இல்லை, கல்யாணம் இல்லை. உபதேசியாருக்கு வேறு ஊர், வேறு வேலை. நாலாவது குடும்பம் தானாக அறிக்கையிட்டதால் மன்னிக்கப்பட்டது என்று சொல்லி, ரசலையன் பெயரை வாசிக்காமல் விட்டார். கோயிலுக்குள் இருந்த அத்தனை தலையும் நேசம்மாள் பக்கம் திரும்பியது. தண்டனையைப் போட்டிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள். அந்த மன்னிப்புத்தான் அவளைக் கொன்றது. எல்லோரையும் காட்டிக் கொடுத்து வேலை வாங்கிக்கொண்டாள் என்று ஊர் முடிவு செய்தது. ஊர் சொல்வதிலும் பொய் இல்லையே.

அடுத்த ஞாயிறு ஒரு புரையிலும் புகை இல்லை. அக்கானி கலயத்தில் கிடந்து புளித்தது. தங்கையன் அண்ணனுடைய ஆறு மரத்திலும் ஏறுவதை நிறுத்தினான். பனையேறும் தளைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான். சம்பளம் வரப்போகிற வீட்டுக்குப் பனை எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

முதல் தேதிக்கு முந்தின நாள் நேசம்மாள் தங்கபாய் வீட்டுக்குப் போனாள். தங்கபாய் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"தங்கபாயி."

"என்ன வேணும்?"

"நாளைக்கு வண்டி வருது."

"வந்தா ஏறிப் போங்க."

"அவியளத் திருப்பிப் போட…"

"ஒனக்கு வெக்கமா இல்லியாக்கா?" தங்கபாய் எண்ணெய்க் கையோடு எழுந்தாள். "இந்தா கெடக்கு பாரு, பேரில்லாம. என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? நாளைக்கு இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க கொண்டு வைப்பேன்? கோயில் கல்லறைத் தோட்டத்தில எடம் தருவானா?"

"நான் வேணும்னு சொல்லல்ல. கேட்டா, வாயில வந்துட்டு."

"எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம். அத்தான் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. ஆனா நீ சம்பளம் வாங்க நான் ஒனக்க புருசனத் திருப்பிப் போடமாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

நேசம்மாள் மற்ற வீடுகளுக்கும் போனாள். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள், எங்கள் வீட்டில் ஆள் இல்லை என்றாள். உள்ளே நாலு பேர் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் தேதி விடியும்போது அவள் குளித்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் கிடந்த புருஷனுக்குக் கஞ்சி கொடுத்தாள், துடைத்துவிட்டாள், வலது பக்கமாகத் திருப்பிப் போட்டாள். முதுகில் ஒரு இடம் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"தண்ணியக் கைக்கு எட்டுற எடத்தில வச்சிட்டுப் போ" என்றான் ரசலையன். "தங்கபாயி வருவா. மனசு கேக்காது, வருவா."

"வருவா" என்றாள் அவளும்.

வாசலில் நின்று பார்த்தாள். தங்கபாய் வீட்டுக் கூரையில் புகை வந்தது, ஆள் வரவில்லை. வெயில் ஏறிற்று. முக்கில் மாட்டுச் சலங்கை கேட்டது, நின்றது. வண்டிக்காரன் இரண்டு முறை குரல் கொடுத்தான். நேசம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் சலங்கை கேட்டது, ஓடை இறக்கம் வரைக்கும் கேட்டு ஓய்ந்தது.

"வண்டி போயிட்டா?"

"போயிட்டு."

"ஏட்டி, ராவும் பகலும் அவ்வளவு படிச்சியே. ஒரு பொய்யப் படிச்சிருக்கப்பிடாதா?"

"பொய்யும் பழகினாத்தான் வரும்" என்றாள். "நீங்க கேக்கல்ல. நான் பழகல்ல."

அவளைப் பார்த்துக்கொண்டு கிடக்க ரசலையனால் முடியவில்லை, அவனாகத் திரும்பிக்கொள்ளவும் முடியவில்லை.

"என்னச் செவத்துப் பக்கமாத் திருப்பிப் போடு" என்றான்.

அவள் போய் அவனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.